நாற்காலியை மாற்றச் சொன்ன ஊர்

பள்ளிக்கூடத்தில் சோறாக்குகிறவளுக்கு ஒரு கண் உலையில் இருக்க வேண்டும், ஒரு காது வகுப்பறையில் இருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் அன்றைய பிழைப்பு கெட்டது. என்னைப் போல சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிற அக்கா தங்கச்சிகள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். பிள்ளைகள் வந்தால்தான் நமக்கு அடுப்பு. ஊருக்கு வாத்தியாரைப் பிடித்தால்தான் பிள்ளைகள் வரும். அதனால் வாத்தியாரைப் பற்றி ஊரில் யார் வாயைத் திறந்தாலும் முதலில் என் வயிற்றில்தான் புளியைக் கரைக்கும். அதற்கென்றே பிறந்த வயிறு இது.

எங்கள் ஊர் கொல்லிமலையில், தேவனூர் நாடு என்கிற ஊர்க் கூட்டத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளி. நானும் அதில்தான் படித்தேன், நாலாவதோடு நின்றுவிட்டேன். இப்போது அங்கேயே சமையல். வாத்தியார்கள் இரண்டு பேர். போன வருஷம் பள்ளி திறந்தபோது புதிதாக வந்த சுமதி டீச்சர்தான் தலைமை ஆசிரியர். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அவருக்கு. பல வருஷமாக இங்கேயே இருக்கிற முருகேசன் சார் அவருக்கு அடுத்தபடி. ஒன்றிலிருந்து மூன்று வரை சின்னப் பிள்ளைகள் அவருக்கு. இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். ஊர் இதைத் தலைகீழாக எதிர்பார்த்தது, அதுதான் சிக்கல்.

உப்புப் பார்க்கிறவர்

பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் வாத்தியார் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும் என்பது விதி. டீச்சர் வந்த முதல் வாரம் சாம்பார் சாதத்தில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். தின்றுவிட்டு, "நல்லா இருக்குங்க அக்கா" என்றார். அடுத்து முருகேசன் சார் ஒரு வாய் வைத்தார். முகம் கோணிப்போனது. "உப்பே போடலீங்களே அக்கா" என்றார். நிஜம்தான், புது டீச்சர் வந்த பதற்றத்தில் மறந்திருந்தேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, தங்கள் வீட்டில் சமையலெல்லாம் வீட்டுக்காரருடையது, தனக்கு வெந்நீர் வைக்க மட்டும் தெரியும் என்றார். அன்றிலிருந்து உப்புப் பார்ப்பது சாருடைய வேலை ஆனது.

கொஞ்ச நாள் கழித்து மலைக்குக் கீழேயிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி நேராக முருகேசன் சாரிடம் போய்க் கை கொடுத்தார். பிள்ளைகள் வருகை, ஒழுகுகிற கூரை, படிப்பு என்று ஒவ்வொன்றாக அவரிடமே கேட்டார். சாரும் ஒவ்வொன்றுக்கும், "டீச்சர்தானுங்க சொல்லோணும், அவங்கதான் ஹெச்.எம்." என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்டார். சமையல்கூடத்துக்குள் வந்த பிறகுதான் டீச்சர் பக்கம் திரும்பினார். முட்டையை எவ்வளவு நேரம் வேக வைக்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். அதிகாரி முன்னால் வாய் வராமல் நான் சாரைப் பார்த்தேன். சார் பதில் சொன்னார். டீச்சருடைய காது மடல் சிவந்துபோனது. போகும்போது அதிகாரி சாரின் தோளைத் தட்டிச் சொன்னார்: "பள்ளிக்கூடத்த நல்லா நடத்துறீங்க சார். டீச்சரம்மாவ மட்டும் சமையல இன்னும் கொஞ்சம் கவனிச்சுக்கச் சொல்லுங்க."

முதல் பலாப்பழம்

எங்கள் ஊரில் தோட்டத்தில் முதலில் பழுக்கிற பலாவைப் பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியாருக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இது பல காலமாக நடக்கிறது. அந்த ஆனியில் முதல் பழம் எங்கள் தோட்டத்தில்தான். என் வீட்டுக்காரர் தோளில் தூக்கி வந்தார். டீச்சர் வகுப்பைத் தாண்டிப் போய் முருகேசன் சார் காலடியில் இறக்கினார். சார் பதறிப்போய், "ஐயோ, டீச்சர்கிட்ட குடுங்க" என்றார். இவர் கேட்காத மாதிரி துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். டீச்சரும் கேட்டு வாங்கவில்லை. சாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவே வராந்தாவில் பழம் கிடந்தது. வாசம் கூடிக்கொண்டே போனது. ஈ மொய்த்தது. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். கடைசியில் நான்தான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்து எல்லாருக்கும் சுளை சுளையாகக் கொடுத்தேன். டீச்சருக்கு ஒரு தட்டு வைத்தேன். தொடவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன், ஏனுங்க, பெரிய வாத்தியார் அந்தம்மாதானே, அவர்கிட்ட கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கோபமும் படவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி விளக்கினார்: "அந்தம்மாகிட்ட குடுத்தா அறுத்துத் திங்கக் குடுத்த மாதிரி ஆயிரும் புள்ள. சார்கிட்ட குடுத்தாத்தான் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த மாதிரி."

செம்மேட்டு அறைகள்

இருவர் குடும்பமும் கீழே இருக்கிறது. இருவரும் மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் வேறு வேறு தெருவில் அறை எடுத்துத் தங்கி, காலை பஸ்ஸில் ஊருக்கு வருகிறார்கள். ஆனால் வாரச் சந்தைக்குப் போனால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். சாரைப் பற்றி என்றால், பாவம், ஆக்கிப்போட ஆளில்லாமல் வாடிவிட்டார் என்று தூக்குப் போணியில் குழம்பு ஊற்றிக் கொடுப்பார்கள். அவர் என்னைவிட நன்றாகச் சமைப்பார் என்று நான் சொல்லவில்லை. கிடைக்கிற குழம்பைக் கெடுப்பானேன். டீச்சரைப் பற்றி என்றால் குரலே இறங்கிவிடும். கீரை விற்கிற அம்மா கீரைக் கட்டை என் பையில் வைக்கிற சாக்கில் காதோரம் குனிந்து கேட்டாள்: "ஏனுங்க்கா, உங்க டீச்சரம்மாவுக்குப் புருசனோட சண்டையா? இல்லீன்னா ஒரு பொம்பள எதுக்குங்க மலையேறி வந்து தனியாக் கெடக்கறா?"

ரிப்பன்

சின்னப் பிள்ளைகள் வகுப்பில் பாடம் பாதி, பராமரிப்பு பாதி. மூக்கு ஒழுகும். கால்சட்டை நனையும். ஊஞ்சலில் விழுந்து முட்டி பெயர்ந்து வரும். முருகேசன் சார் எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். தோளில் ஒரு துண்டு போட்டிருப்பார், அது மூக்குத் துடைப்பதற்கு. ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், ஒன்றாம் வகுப்பு தேவிக்கு விளையாட்டில் சடை அவிழ்ந்துபோனது. சார் வராந்தாவில் உட்கார்ந்து அவளை முன்னால் நிறுத்தி, பின்னி, ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வெள்ளையம்மா குச்சிவள்ளிக் கிழங்குக் கூடையோடு வேலிப் பக்கம் வந்தாள். நின்று பார்த்தாள். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். மறுநாள் தேவி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாவது நாள் இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் வரவில்லை.

ரிப்பன்தான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. சாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து வகுப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மூக்கு ஒழுகினால், "அக்காகிட்ட போ சாமி" என்று என்னிடம் அனுப்புவார். ஒரு நாள் ஒரு குட்டிப் பெண் படியில் விழுந்து வீறிட்டு அழுதாள். சார் பக்கத்திலேயே நிற்கிறார், தூக்கவில்லை. "அக்கா, அக்கா" என்று என்னைக் கூப்பிட்ட குரல் அழுகை மாதிரியே இருந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடித் தூக்கினேன். அன்று சாயங்காலமே வெள்ளையம்மா வீட்டுக்குப் போனேன். நானும் பெண் பிள்ளை பெற்றவள்தான், அவளை எப்படித் திட்டுவது? சார் நல்ல மனுஷன், இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் கிழங்கைச் சீவுவதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. "நல்லவருதான்க்கா, நான் இல்லீன்னு சொல்லல. ஆனா ஆம்பள ஒருத்தரு நல்லவருன்னு நமக்கு எப்பத் தெரியும்? கெட்டவரா இருந்தாத்தானே தெரியும்."

ஏணிக்குக் கீழே

தேவியும் மற்றப் பெண் பிள்ளைகளும் ஒரு வழியாகத் திரும்பி வந்தார்கள். டீச்சர் வீடு வீடாகப் போய்ப் பேசிக் கூட்டி வந்தார். அந்த மூச்சு விடுவதற்குள் தை பிறந்தது, மிளகு பறிப்பு ஆரம்பித்தது. அந்த நாட்களில் பெரிய பிள்ளைகள் வகுப்பு பாதி காலியாகிவிடும். ஆண்கள் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறிக் கொத்துக் கொத்தாகப் பறித்துப் போடுவார்கள். பிள்ளைகள் கீழே சிதறுவதைப் பொறுக்குவார்கள். எங்கள் வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் நாத்தனார் மகள் பூங்கொடியையும் என் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். முன்பிருந்த வாத்தியார்கள் எல்லாரும் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

சுமதி டீச்சர் விடவில்லை. ஒரு நாள் காலை நேராகத் தோட்டத்துக்கே போனார். பின்னாலேயே நானும் ஓடினேன், என்ன ஆகுமோ என்று. நாலைந்து ஏணிகளில் ஆட்கள் உச்சியில் இருந்தார்கள். டீச்சர் ஏணிக்கு நேர் கீழே போய் நின்று, அண்ணாந்து பார்த்து, "பூங்கொடியக் கூட்டிட்டுப் போறேனுங்க" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. நீங்கள் யோசித்துப் பாருங்கள், லுங்கியை மடித்துக் கட்டி மேலே நிற்கிறவர்களுக்குக் கீழே ஒரு பொம்பளை அண்ணாந்து நின்றால் என்ன செய்ய முடியும்? லுங்கியை அவிழ்த்து இறக்கிவிட்டால் ஏணியில் கால் சிக்கும். மடித்தே வைத்திருந்தால் மானம் போகும். ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறி இறங்கினார்கள். பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எல்லாம் டீச்சர் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோனது. அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மொளகு கெடந்தா நாளைக்குப் பறிச்சுக்கலாம். ஒரு பொம்பள சொல்லி அத்தன பேரும் மரத்தவுட்டு எறங்குனத எங்க போயிப் பறிக்கிறது?"

இரண்டு பேரும் இடம் மாற வேண்டுமாம்

அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. மாசியில் ஆண்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். முருகேசன் சார் பெரிய வகுப்புக்குப் போக வேண்டும், தலைமை ஆசிரியர் நாற்காலியிலும் அவரே உட்கார வேண்டும். டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும். ஆண் கை பெண் பிள்ளை தலையில் படாது, பெண் குரல் தோட்டத்துக்கு வராது; ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதற்கு ஒத்துவராவிட்டால் பிள்ளைகளை நிறுத்தி, வாசலூர்பட்டி வழியாக வருகிற தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்களாம். என் வீட்டுக்காரர் கம்பங்களியைப் பிசைந்துகொண்டே சொன்னார். இருக்கிற பிள்ளைகளே கொஞ்சம். அதுவும் போனால் பள்ளிக்கூடம் எது, டீச்சர் எங்கே, என் அடுப்பு எங்கே? நாற்காலியை ஊர் மாற்ற முடியாதுங்க, அது கவர்மெண்டு போட்டது என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுகிற மந்தைக்குச் சார் வருவார், அவர் ஒத்துக்கொண்டால் போதும் என்றார்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டார். அன்று கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தரம் உடைந்தது, அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. பிறகு சாரிடம் போனேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்தானே என்று கேட்கத்தான் போனேன். அவர் சுருக்கென்று மறுப்பார் என்று நினைத்திருந்தேன். மறுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் வகுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் அப்போதும் பின்னால்தான் கட்டியிருந்தன. மெதுவாகக் கேட்டார்: "பெரிய வகுப்புக்குப் போயிட்டா, என் கையை யாரும் பாக்க மாட்டாங்கல்லக்கா?"

மந்தையில் நடந்த நடை

எங்கள் ஊர் மந்தையில் பெண்கள் காலெடுத்து வைக்கிறதில்லை. சாமிக் கல் இருக்கிற இடம். சுற்றிலும் கல் வரிசை உண்டு, அதற்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் நிற்க வேண்டும். ஊர்ப் பேச்சு எதுவானாலும் மந்தையில் முடிந்தால்தான் முடிவு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூடுபனி இன்னும் விலகவில்லை. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார், என் வீட்டுக்காரர் உட்பட ஆண்கள் சுற்றிலும். முருகேசன் சார் உள்ளே நின்றார். கல் வரிசைக்கு இந்தப் பக்கம், சத்தம் சரியாக எட்டாத தூரத்தில், டீச்சரும் நானும். டீச்சரைப் பற்றிய பேச்சு, டீச்சருக்குக் கேட்காது. நான் மட்டும் ஒரு கால் கல்லோரம் வைத்துக் காதை நீட்டிக்கொண்டிருந்தேன்.

கவுண்டர் சாரிடம் விஷயத்தைச் சொல்லி, "சம்மதந்தானுங்களே சார்?" என்று கேட்டார். எனக்கு அவர் பின்னால் கட்டியிருந்த கைதான் தெரிந்தது. ஒரு கை இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது. சரி என்று சொல்லப்போகிறார், சொன்னால் போச்சு என்று நினைத்தேன். "கேட்டுட்டு வாரேனுங்க" என்றார். யாரிடம் என்று கவுண்டர் கேட்க, "ஹெச்.எம்.கிட்டங்க" என்றவர், திரும்பி நடந்து கல் வரிசையைத் தாண்டி எங்களிடம் வந்தார். டீச்சரிடம் கேள்வியைச் சொன்னார். டீச்சர், "என்ன காரணம்னு கேளுங்க சார்" என்றார். திரும்ப நடந்தார். பிள்ளைகளுக்கு டீச்சரிடம் பயம் இல்லை என்பது காரணம். அதை எடுத்துக்கொண்டு வந்தார். பயந்தால்தான் படிப்பு வருமா என்று டீச்சர் கேட்டார். அதை எடுத்துக்கொண்டு போனார். இப்படியே போவதும் வருவதுமாக இருந்தார். புல்லில் பனி, அவர் பேண்ட் முட்டி வரைக்கும் நனைந்துவிட்டது. முதலில் ஆண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. வேண்டுமென்றே செய்கிறாரா, பயத்தில் செய்கிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், "சார், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க ஆம்பளதானே?" என்று கத்தினார். சார் நின்றார். "ஆம்பளதானுங்க. ஆனா ஹெச்.எம். இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

அவர் கல் வரிசையை எட்டுவதற்குள் ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்: "இந்த மனுசன இப்படியே நடக்கவுட்டாப் பொழுது சாஞ்சிரும். எந்திரிங்கப்பா, பேச்சப் பள்ளிக்கூடத்துலயே வெச்சுக்கலாம்."

குட்டி பெஞ்சுகள்

பள்ளிக்கூடத்தில் கல் வரிசை கிடையாது. அது யாருக்கும் அப்போது தோன்றவில்லை. டீச்சர் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆண்களுக்குப் பிள்ளைகள் பெஞ்சுதான். முட்டி முகவாயைத் தொட உட்கார்ந்தார்கள். அதற்குள் சேதி கேட்டு அம்மாக்கள் வந்துவிட்டார்கள். வெள்ளையம்மா வந்தாள், கிழங்குச் சேறு கையோடு. யாரும் போ என்று சொல்ல முடியாது, பள்ளிக்கூடம் ஆயிற்றே.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "என்னை மாத்தணும்னா மேல சொல்லுங்க, நான் பெட்டியக் கட்டிட்டுக் கெளம்பறேன். இங்க இருக்கற வரைக்கும் யார் எந்த வகுப்புன்னு நான்தான் சொல்லுவேன்" என்றார். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. நாளைக்குப் பிள்ளைகளை அனுப்பாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு குரல். "வந்து கூட்டிட்டு வருவேன்." என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழப் பார்த்தார், முட்டி சிக்கிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் வெள்ளையம்மா பேசினாள். சார் இருக்கிற சின்ன வகுப்பைப் பற்றித் தான் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்புள்ள இப்ப அ, ஆ சொல்றா. ஆனா சாரு தொட மாட்டேங்கறாருன்னு அழுவறா" என்றாள். "சாரு அங்கயே இருக்கட்டும். நான் தெனமும் வந்து கதவோரம் ஒக்காந்துக்கறேன். பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்குன்னு இல்ல, எந்த அம்மா வந்தாலும் ஒக்கார வுடோணும்." டீச்சர் சாரைப் பார்த்தார். சார், வந்து உட்காரட்டும் என்று தலையாட்டினார். உடனே இன்னொருத்தி, வேனுக்குக் கட்டப்போகிற காசை எங்கே அறுவடை பண்ணப்போகிறீர்கள் என்று தன் வீட்டுக்காரரைக் கேட்டாள். இன்னொருத்தி, பெரிய வகுப்பில் அடி இல்லாததால் தன் பையன் இப்போது காட்டுக்குள் ஓடி ஒளிவதில்லை என்றாள். இல்லை, டீச்சருக்குத் திமிர்தான், ஆனாலும் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது என்று வேறொருத்தி. ஒருத்தி பேச்சை ஒருத்தி வெட்டினாள். ஊர்க்கவுண்டர் நெற்றியைத் தேய்த்தார். "மந்தையிலயே வெச்சிருந்தா ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும். பொம்பளைங்க வாயத் தொறந்த எடத்துல எங்க முடியறது? மறுபடி பள்ளிக்கூடம் தெறக்கற வைகாசி வரைக்கும் பாப்பம், போங்க."

திங்கட்கிழமை உலை

பாப்பம் என்றால் என்ன அர்த்தம்? பிள்ளைகளை அனுப்புவார்களா, மாட்டார்களா? பெரியவர்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் காலை எவ்வளவு அரிசி போடுவது என்பது என் தலைவலி. குறைத்துப் போட்டால் வந்த பிள்ளை பசியோடு நிற்கும். நிறையப் போட்டு மிஞ்சினால், ஆள் குறைந்துவிட்டது என்று அந்தச் சோறே ஊருக்குச் சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் விடிந்ததும் பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு எங்கே என்று சொல்லாமல் கிளம்பியிருந்தார். வேன் நிற்கிற வளைவும் அந்தப் பக்கம்தான். டீச்சரிடம் போய், அரிசி எவ்வளவு போடட்டும் என்றேன். "எப்பவும் போடறதுதான் அக்கா, எல்லாருக்கும்" என்றார். முகம் மட்டும் தூங்காத முகம்.

வளைவில் வேன் ஹாரன் கேட்டது. நின்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கிளம்பியது. நான் சமையல்கூட வாசலிலேயே நின்றேன், உலை கொதித்து மூடியைத் தள்ளியதுகூடத் தெரியவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகள் அண்ணனும் தம்பியும் வேனில் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மற்றவர்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தேவியோடு வெள்ளையம்மா வந்து கதவோரம் காலை மடக்கி உட்கார்ந்தாள். சார் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, துண்டை எடுத்து, வரிசையில் முதலில் நின்ற பிள்ளையின் மூக்கைத் துடைத்தார். கை கொஞ்சம் நடுங்கியது. வெள்ளையம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறாள், இன்றைக்கும் அப்படித்தான் நடுங்குகிறது.

எல்லாருக்கும் கடைசியாக என் வீட்டுக்காரர் பூங்கொடியோடு வந்தார். வேன் வளைவு வரைக்கும் போய் நின்று, யோசித்துத் திரும்பியிருக்கிறார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, டீச்சர் வகுப்பைப் பார்க்காமல் என் அடுப்படிக்கு வந்து நின்றார். அப்பாடா, மனசு மாறிவிட்டது என்று நான் சிரிக்கப் போகும்போதுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வைகாசி வரைக்குந்தான், அந்தம்மாகிட்ட சொல்லிப்போடு. அதுக்குள்ள பெரிய வகுப்புக்கு ஒரு நல்ல ஆம்பள வாத்தியாரா அந்தம்மாவே பாத்து வெக்கட்டும், அது பாத்து வெச்சா சரியா இருக்கும்."

ஊருக்கு எல்லா வகையிலும் பொருந்துகிற வாத்தியார் இனிமேல்தான் பிறக்க வேண்டும், பிறந்த சேதி வந்ததும் நாம் முதலில் கேட்கப்போவது ஆணா பெண்ணா என்றுதான்.